வழித்துணை

புதிதாகத் தேங்கிய பெரியாற்று ஏரியைப் பார்க்க வேண்டுமென்று மனைவி இருதயம்மாள் நச்சரித்ததால், விடிகாலையிலேயே கம்பத்திலிருந்து கூண்டு வண்டியைக் கிளப்பினான் பங்கிராஸ். அணை வேலையிலிருந்த தன் அண்ணனுக்கென்று ஒரு கூடை உப்புக்கண்டத்தோடு அவள் பின்பக்கம் ஏறிக்கொண்டாள்.

மலையேறி முடித்து, ஏரிக்கரை வளைவில் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தவன் மூக்கணாங்கயிற்றை இறுக்கிப் பிடித்தான். வண்டிக்குப் பின்னால் ஒரு புலி நடந்து வந்தது. எதிர்காற்றானதால் மாடுகளுக்கு வாடை எட்டவில்லை. இவள் பார்த்து அலறினால் மாடுகள் மிரண்டு வண்டி ஏரிக்குள்தான் போகும்.

"முன்னால பாரு புள்ள, தண்ணிக்குள்ள மரமெல்லாம் நிக்குது!" என்றான்.

"ஆமாங்க, எம்புட்டு அழகு! நீங்களும் திரும்பாம அங்கனயே பாருங்க."

அடுத்த வளைவிலும் புலி வந்தது. அவளோ மலை, மேகம், கொக்கு என்று ஓயாமல் பேசினாள். அவன் மாதாவை வேண்டிக்கொண்டே ஓட்டினான்.

அணைக் கூலிகளின் இரைச்சல் கேட்டதும் புலி புதருக்குள் மறைந்தது. பங்கிராஸ் தொப்பென்று கீழே குதித்தான்.

"இம்புட்டு நேரமும் நம்ம பின்னால புலி வந்துச்சு புள்ள!"

"தெரியுங்க. நீங்க பயந்துருவீகன்னுதான் பேச்சுக் குடுத்துக்கிட்டே வந்தேன்."

"எப்பப் பார்த்த?"

"மலையடிவாரத்துலயே. மேல பாஞ்சுறக் கூடாதேன்னு கூடையிலருந்து ஒரு துண்டு கறி எடுத்துப் போட்டேன். தின்னுட்டு மறுபடியும் வந்துச்சு. மறுபடியும் போட்டேன்."

பங்கிராஸ் கூடையை எட்டிப் பார்த்தான். காலியாக இருந்தது. புலி ஏன் விடாமல் வந்தது என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

இருதயம்மாள் கவலையோடு சொன்னாள்: "திரும்பிப் போகயிலயும் ஒரு கூடை வேணும்ங்க. அண்ணன்கிட்டக் கேட்டுப் பார்ப்போமா?"