காவல் கப்பலும் மஞ்சள் கிரேனும்

சொந்தக் கரையை விட்டு நகராமல் காவல் காப்பதுதான் அந்தக் கப்பலுக்கு வேலை. பழுது என்று வந்தால் மட்டும் கடல் கடந்து அன்னிய நாட்டுப் பட்டறைக்குப் போகும். போகிற வழியில் உள்ளூர்ப் பட்டறையின் மஞ்சள் கிரேன் கூப்பிடும்.

"தம்பி, உன் வயிறு எனக்கு அத்துப்படி. இங்கேயே வாயேன். ஆளுங்க எல்லாம் சும்மா உக்காந்திருக்காங்க."

"அடுத்த தடவை பாக்கலாம் அண்ணே. உள்ளூர் வேலை நம்ம அந்தஸ்துக்குச் சரிப்படாது" என்று கப்பல் நகர்ந்துவிடும்.

இப்படி மூன்று அடுத்த தடவைகள் போயின. நான்காம் முறை கிளம்பியபோது கிரேன் நின்ற இடம் காலியாக இருந்தது. இனிக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்ய ஆளில்லை என்று கப்பல் நிம்மதியாகப் போனது.

அன்னியப் பட்டறையில் அன்று ராஜ உபசாரம். வயிற்றின் மேடு பள்ளம் அறிந்து அடியில் கட்டை அடுக்கி, அலுங்காமல் உட்கார வைத்தார்கள். விரிசலை வெல்டர் பற்றவைத்தது கப்பலுக்குத் தெரியவேயில்லை.

"என்ன இருந்தாலும் வெளிநாட்டுக் கை வெளிநாட்டுக் கைதான்" என்றது கப்பல்.

"கொஞ்சம் ஆடாம இரு தம்பி" என்றது தலைக்கு மேலே பழகிய குரல். அதே கிரேன். மஞ்சளுக்கு மேல் நீலம் பூசியிருந்தார்கள்.

கப்பல் ஆடாமல் உட்கார்ந்தது. பிறகு மரியாதைக்குக் கேட்டு வைத்தது: "ஊர்ல எல்லாரும் சௌக்கியமா அண்ணே?"

"வேலை தெரிஞ்சவங்க அத்தனை பேரும் இங்கதான் இருக்கோம். ஊர்லேருந்து வர்றது நீதானே. நீ சொல்லு."