பத்துச் சோத்துப் பார்சல்

"நானா எங்க?"

ஏணியிலிருந்து விழுந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறந்த றவூப் கேட்ட முதல் கேள்வி இதுதான். பக்கத்தில் நின்ற மனைவி ஷிபானா டொக்டரைக் கூப்பிட ஓடினாள்.

பன்னிரண்டு வருஷமாக அவர்கள் வீட்டில் யாரும் அந்த நானாவை, றவூபின் அண்ணனைப் பற்றி வாய் திறந்ததில்லை. வாப்பா விட்டுப்போன ஒரு பலாமரம் யாருக்கு என்று சண்டை பிடித்து, "ஒங்கட வாசல மிதிக்க மாட்டேன், வல்லாஹி!" என்று தம்பி சத்தியம் பண்ண, "ஒண்ட வாசல நானும் மிதிக்க மாட்டேன், வல்லாஹி!" என்று அண்ணன் ரஸீனும் சத்தியம் பண்ணிவிட்டுப் பிரிந்தவர்கள்.

"தலையில அடிபட்டிருக்கு. பழசு கொஞ்சம் மறந்திருக்கலாம். தானா திரும்பி வரும்," என்றார் டொக்டர்.

வரவே கூடாது என்று ஷிபானா துஆ கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை ரஸீனின் மகள் ஆஸிகாவுக்குக் கல்யாணம். அதுவரைக்கும் இந்த மறதி தாங்கினால் போதும்.

"பலா எண்ட சொல்லு ஒருத்தர்ட வாயிலயும் வரப்படாது," என்று வீட்டில் எல்லோருக்கும் உத்தரவு போட்டாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த றவூப் ஷிபானாவையும் கூட்டிக்கொண்டு கெலிஓயாவுக்குப் போய் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினார். ரஸீன் கட்டிப்பிடித்து அழுதார். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, ரஸீனின் மனைவி ஒரு தட்டு நிறையப் பலாச்சுளை கொண்டுவரும் வரை.

ஷிபானா பாய்ந்து தட்டைப் பறித்தாள். "இவருக்கு சீனி வருத்தம்!"

"எனக்கா? எப்பருந்து?"

"அதுவும் மறந்துட்டா? பாவம்!"

மறுநாள் மத்தியானம், கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் வேறொரு காட்சி. பாயிஸின் சாப்பாட்டுக் கடையிலிருந்து றவூப் பத்துச் சோத்துப் பார்சல்களோடு இறங்கி, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, திரீவீலில் ஏறிப் போனார்.

சாமான் வாங்க வந்து எதிர்ப்பக்கம் நின்ற ஷிபானாவுக்கு ரத்தம் கொதித்தது. வீட்டில் மூன்று பேர். சின்ன வீடு என்றாலும் பத்துப் பேரா? நேரே கடைக்குள் நுழைந்தாள்.

"பாயிஸ், இவர் யாருக்குச் சோறு கொண்டுபோறார்?"

"பஸ் ஸ்டாண்டுல ஈக்கிற ஏழைகளுக்கு, ராத்தா. சத்தியம் பண்ணி முறிச்சா பத்து ஏழைக்குச் சாப்பாடு குடுக்கணுமே. அந்தக் கஃப்பாராதான்."

மறந்துபோன சத்தியத்துக்கு எவன் பரிகாரம் கொடுப்பான்? ஆக, இவர் எதையும் மறக்கவில்லை! விழுந்தது உண்மை, மிச்சமெல்லாம் நடிப்பு! மன்னிப்புக் கேட்க வாய் வராத மனுஷனுக்கு, மறந்துட்டேன் என்று சொல்ல மட்டும் வந்திருக்கிறது. கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. கடைசியில் ஷிபானா சிரித்துவிட்டாள்.

"ரஸீன் நானாட்ட மட்டும் சொல்லிடாதீங்க பாயிஸ். அந்த மனுசன் உண்மை எண்டு நம்பி அழுதுட்டார்."

பாயிஸ் தலையைச் சொறிந்தான். "அவரும் இங்கதானே பத்துப் பார்சல் எடுத்தார், ராத்தா. தம்பிட வீட்டுக்குப் போய் கல்யாணத்துக்குச் சொல்லணும், அதுக்கு முந்தி சத்தியத்துக்குக் கஃப்பாராவக் குடுத்துடுவோம் எண்டார்."

"எப்ப?"

"இவர் ஏணியால விழ முந்தின நாள்."