சத்தம் அடைத்த கார்

குடகு துரையிடம் வாங்கிய பந்தயக் காரை, மைசூர் மெக்கானிக் கொர்னேலியஸிடம் விட்டிருந்தார் கொள்ளேகால் பட்டு வியாபாரி லிங்கப்பன். இரைச்சல் உள்ளே வராதிருக்க, காரின் தரையெங்கும் கம்பளியும் தேங்காய் நாரும் அடைத்தாயிற்று.

"பக்கத்து சீட்டில முணுமுணுத்தாலும் எனக்குக் கேக்கோணும், மேஸ்திரி."

"கேக்கும் சாவ்கார். ஊரெல்லாம் பெண்டாட்டி பேச்சு காதில விழக்கூடாதுன்னுதான் இந்த மாதிரி கார் வாங்குது. நீங்க வலிய வந்து மாட்டிக்கறீங்களே!"

இருவரும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்கள். கைக்கடிகாரம் ஓடுவதுகூடக் கேட்டது.

"இன்னைக்கே வீட்டம்மாவை ஏத்திக்கிட்டுப் போங்க" என்றார் கொர்னேலியஸ்.

"போன மாசம் இதே கார்ல, நஞ்சன்கூடு ரோட்டில கையாட்டி என்னமோ கத்துனா. இரைச்சல்ல கேக்கல. வேகமாப் போகச் சொல்றாளாக்கும்னு இன்னும் மிதிச்சேன். அவளுக்கு நெஞ்சு வலிச்சிருக்கு; வண்டி நின்னப்போ உசுரு இல்லை."

லிங்கப்பன் இடது கதவைத் திறந்தார். ஒருவர் ஏறி உட்காரும் நேரம் காத்திருந்து, மெதுவாகச் சாத்திவிட்டு, நஞ்சன்கூடு ரோட்டுப் பக்கம் காரைத் திருப்பினார்.