முப்பது விநாடி மௌனம்

மூன்றாவது தடவையும் அப்பாதான் கெடுத்தார்.

பதினோரு விநாடி தாக்குப்பிடித்தார். அப்புறம் மூக்கு வழியாக ஒரு சத்தம். எதிரே உட்கார்ந்திருந்த அம்மா முந்தானையை எடுத்து வாயில் திணித்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு இருவரையும் முறைத்தேன். முறைப்பது போல நடித்தேன் என்பதுதான் சரி. எனக்கும் சிரிப்பை அடக்கி அடக்கி வயிறு வலித்தது.

நான் கேட்டது வெறும் முப்பது விநாடி மௌனம்.

பொருளாதாரம், அரசியல், உலக நடப்பு என்று ஒரு மணி நேரம் பேசி முடித்ததும் இருவரும் அசையாமல், பேசாமல் உட்கார வேண்டும். சும்மா இருக்கும்போது அறைக்கென்று ஒரு சத்தம் உண்டு. அதைப் பதிந்துகொள்வேன். இருமலையும் தும்மலையும் வெட்டி எறிகிற இடங்களில் அதை வைத்து ஒட்டுவேன். இல்லாவிட்டால் கேட்கிறவர்களுக்குத் திடீரென்று காது அடைத்த மாதிரி இருக்கும்.

எங்கள் பாட்காஸ்டுக்கு இது எண்பத்திரண்டாவது வாரம். ஒரு வாரம்கூட இந்த மௌனத்தை நான் விட்டதில்லை.

என் படுக்கையறைச் சுவர் முழுக்கக் கம்பளி. ஃபேன் போடக்கூடாது. ஃப்ரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கியாகிவிட்டது. மூன்று பேரும் வேர்த்து வழிந்துகொண்டிருந்தோம்.

எல்லாம் காலையில் வந்த பேப்பரால் வந்த வினை. அவசியம் கேட்க வேண்டிய பத்து பாட்காஸ்டுகள் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தார்கள். நாங்கள் ஒன்பதாவது. அம்மா இருபத்தாறு வருஷம் வானொலியில் செய்தி வாசித்தவள். அவளுடைய அதே குரலில், அவளைப் போலவே நிறுத்தி நிதானமாக, அப்பா அதை வாசித்துக் காட்டினார். எண்ணெய் விலையைப் பற்றிச் சண்டை போடும்போதுகூட இந்தத் தம்பதியின் அன்னியோன்னியம் தெரிகிறதாம். புதுசாகக் கல்யாணமானவர்கள் கட்டாயம் கேட்க வேண்டுமாம்.

அன்னியோன்னியமாம்!

இவர்கள் ஆளுக்கொரு வீடு பார்த்துக்கொண்டு போய் இரண்டு வருஷம் ஆகிறது. யார் மேல் தப்பு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், ஆளுக்கு ஐம்பது நிமிஷம் பேசுவார்கள். பாட்காஸ்ட் என் யோசனைதான். உலகத்தை மற்றவர் வாயில் விட்டுவிட இருவருக்கும் மனசில்லை, அதனால் ஒப்புக்கொண்டார்கள்.

மைக்குக்கு முன்னால் அவர் பேராசிரியர், இவள் அம்மையார். என்ன மரியாதை, என்ன பணிவு! மைக்கை அணைத்துவிட்டால் நான்தான் தபால்காரி. அவர்கிட்ட என் குடையைத் தரச் சொல்லு. அவகிட்ட அது என் குடைன்னு சொல்லு. இத்தனைக்கும் நடுவில் இருப்பது ஒரு மேஜை.

அடுத்த வாரம் அம்மா என் அக்காவின் ஊருக்கே, அவள் வீட்டுக்கே குடிபோகிறாள். இனிமேல் அவள் அங்கிருந்து பேசுவாள், இவர் இங்கிருந்து பேசுவார், நான் இரண்டையும் சேர்த்து ஒட்டுவேன். குரலை ஒட்டிவிடலாம். ஆளை என்ன செய்வது? இருவரையும் ஒரே அறையில் பார்ப்பது இன்றைக்குத்தான் கடைசி என்று காலையிலிருந்து எனக்கு அழுகை முட்டிக்கொண்டிருந்தது. இப்போது பார்த்தால் சிரிப்பு முட்டுகிறது.

நான்காவது தடவை பட்டனை அழுத்தினேன்.

அப்பா விட்டத்தைப் பார்த்தார். அம்மா தன் கால் கட்டைவிரலைப் பார்த்தாள். பத்து. பதினைந்து. இருபத்து நாலு. தேறிவிட்டோம் என்றே நினைத்தேன்.

அம்மாவின் வயிறு கடமுடவென்று ஒரு சத்தம் போட்டது.

அப்பா மைக்கிடம் குனிந்து, படு சீரியஸாக, "அன்னியோன்னியம்" என்றார்.

அம்மா வெடித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அவர் கையில் பட்டென்று ஒரு அடி. இரண்டு வருஷத்தில் அவர் மேல் அவள் கை பட்டது அப்போதுதான். அப்பா அடி வாங்கியதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட மகள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே முகம் கழுவப் போனார்.

இன்னொரு தடவை எடுக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் பாத்ரூம் கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்தாள்.

"மைக் நகராத வரைக்கும் ஒரு ரூமுக்கு ஒரு தடவை எடுத்தா போதும்டி. இருபத்தாறு வருஷம் ஸ்டுடியோல குப்பை கொட்டியிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

திருட்டு முழி முழித்தேன்.

உண்மைதான். முதல் வாரம் எடுத்த அந்த முப்பது விநாடியைத்தான் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்கப்புறம் எடுத்ததெல்லாம் பொய். எழுந்து போக முடியாமல், சண்டை போட முடியாமல், அரை நிமிஷமாவது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்கட்டும் என்றுதான்.

ஆனால் இவளுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒவ்வொரு வாரமும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"அக்கா வீட்டு ரூமுக்குப் புதுசா ஒண்ணு எடுக்கணும் இல்ல? ரெண்டு பேரும் உள்ள இருந்தாதான் சரியா வரும். உங்கப்பாகிட்ட சொல்லு."

அப்பா துண்டோடு வந்தார். சொன்னேன்.

முப்பத்தி நாலு வருஷம் காலேஜில் பொருளாதாரம் நடத்தியவர், எதைச் சொன்னாலும் புள்ளிவிவரம் கேட்கிறவர். இங்கிருந்து பேசப்போகிற ஆள் அங்கே வந்து எதற்கு மௌனமாக உட்கார வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. எத்தனை நாள் ஆகும் என்று மட்டும் கேட்டார்.

பத்து நாளாவது ஆகும் என்றேன்.

அம்மா மறுத்துப் பேசவில்லை.