குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம்

பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த காதுக்காரர் அப்படியே அசையாமல் நின்றார்.

வண்டியில் ரேடியோ மாட்ட வந்த தாய்-மகள் இருவரில், மகள் பிக்கப்புக்குள் உட்கார்ந்து மைக்கில் பேசிக்கொண்டிருந்தாள். பட்டறையின் மறுகோடியில் அம்மாவின் கையிலிருந்த சின்ன ரேடியோவில் அது கேட்டது. குரல் தெளிவுதான். ஆனால் குரலுக்குப் பின்னால் கொசு மாதிரி ஒரு கீச்சு.

இரண்டு பக்கமும் பேசிக்கொள்கிற ரேடியோவை வண்டிகளில் மாட்டித் தருவதுதான் அவர் தொழில். எந்த மூலையில் என்ன இரைச்சல் ஒளிந்திருந்தாலும் கண்டுபிடித்துக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடுவார். அதனால் வந்த பேர்தான் காதுக்காரர். சொந்தப் பேரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துக் கடையில்கூட முழிப்பார்கள்.

இந்த வேலையிலும் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. பேட்டரியிலிருந்து நேரே தனி ஒயர் இழுத்திருந்தார். ஆன்டெனாவைக் கூரையின் நட்டநடுவில் துளை போட்டு நிறுத்தியிருந்தார். துளை போடும்போது மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புது வண்டி, பாவம்.

அவள் கால்நடை மருத்துவர். மலைக் கிராமங்களுக்கு மாற்றலாகியிருக்கிறது. மாட்டுக்குப் பிரசவ வலி நேரங்காலம் பார்த்தா வருகிறது? போக வேண்டும், கண்விழிக்க வேண்டும், அந்தக் கண்ணோடு வளைவுகளில் இறங்கி வர வேண்டும். பாதி வழியில் செல்போன் செத்துவிடும்.

அவள் அப்பா அப்படித்தான் போனார், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தூங்கி.

மாற்றல் உத்தரவு வந்த அன்று அம்மா அழவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். தூக்கம் தட்டினால் வண்டியை ஓரங்கட்ட வேண்டும். ஓரங்கட்டியதும் ரேடியோவில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். தூங்கி எழுந்த பிறகுதான் மறுபடி சாவியைத் தொட வேண்டும்.

ரேடியோவில் பேச உரிமம் வேண்டும் என்றார்கள். தாயும் மகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பரீட்சை எழுதினார்கள். அம்மாவுக்குத்தான் மதிப்பெண் கூடுதல். தன்னைப் பார்த்துத்தான் எழுதினாள் என்று மகள் இன்றுவரை சாதிக்கிறாள்.

காதுக்காரர் நிமிர்ந்து, அம்மாவிடம் வந்தார். செய்த தப்பை ஒப்புக்கொள்கிறவர் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஆல்டர்னேட்டர் சத்தம்கா, இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துறது. ஒயர் வழியா உள்ள வந்துடுது. சின்னதா ஒரு ஃபில்டர் போட்டா போயிடும்.”

அம்மா ரேடியோவைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

“வண்டி நின்னா?”

“இன்ஜினை அணைச்சா சத்தமே இருக்காது. அணைக்காம நின்னா ஒரே சீரா இருக்கும். ஓடும்போது இப்படி ஏறி இறங்கும்.”

அவள் ரேடியோவில் மகளைக் கூப்பிட்டாள். இன்ஜினை அணைத்துவிட்டுப் பேசச் சொன்னாள். பிறகு ஓடவிட்டுப் பேசச் சொன்னாள். ஆக்ஸிலரேட்டரை மிதித்து, விட்டு, மறுபடி மிதித்துப் பேசச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“பரீட்சைதான் முடிஞ்சிடுச்சேம்மா,” என்று ரேடியோவில் மகள் சிரித்தாள். சிரிப்போடு அந்தக் கீச்சும் ஏறி இறங்கியது.

அம்மா ரேடியோவை அணைத்தாள்.

“ஃபில்டர் வேண்டாம் தம்பி. இருக்கட்டும்.”

காதுக்காரருக்குச் சுருக்கென்றது. காசுக்குப் பார்க்கிறாளோ என்று நினைத்தார். இனாமாகவே போட்டுத் தருகிறேன் என்றார். மலை முழுக்க இந்தக் கீச்சு கேட்கும், எவன் மாட்டிக் கொடுத்தான் என்று நாலு பேர் கேட்பார்கள், இத்தனை வருஷம் கட்டிக் காத்த பேர் கெட்டுப்போகும் என்றும் சொல்லிப் பார்த்தார்.

அம்மா வண்டியின் பக்கம் பார்த்தாள். மகள் கண்ணாடியைத் திருப்பி முடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“இவ அப்பாவும் அன்னிக்குப் போன் பண்ணினார். ஓரங்கட்டிட்டேன், கொஞ்சம் தூங்கிட்டு வர்றேன்னு சொன்னார். நானும் நம்பிப் படுத்துட்டேன். வண்டி நிக்கவே இல்லன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.” கையிலிருந்த ரேடியோவை ஒருமுறை பார்த்தாள். “போன்ல வேற ஒரு சத்தமும் இல்ல தம்பி. அவர் குரல் மட்டும் அவ்வளவு சுத்தமா இருந்துச்சு.”



காதுக்காரர் மேசையில் எடுத்து வைத்திருந்த ஃபில்டரைத் திரும்ப இழுப்பறையில் போட்டார். பானெட்டுக்குள் குனிந்தார். பேட்டரியிலிருந்து இழுத்திருந்த ஒயரை, எவ்வளவு அழகாக மாட்டியிருந்தாரோ அவ்வளவு பொறுமையாகக் கழற்றினார். வண்டியின் விளக்குக்கும் ஹாரனுக்கும் போகிற பொது ஒயரோடு ரேடியோவைச் சேர்த்தார். புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள் செய்கிற காரியம் அது. யாராவது அப்படி மாட்டிவிட்டு அவரிடம் வண்டியைக் கொண்டுவந்தால் வண்டி வண்டியாய்த் திட்டுவார்.

இன்ஜினை ஓடவிட்டு ஒருமுறை மைக்கை வாங்கிப் பேசிப் பார்த்தார். அம்மா மறுபடி போட்டிருந்த ரேடியோவில் கீச்சு முன்னைவிட உரக்கக் கேட்டது. பட்டறையின் மறுகோடியிலிருந்து அவள் தலையசைத்தாள்.

மகள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். “அந்தச் சத்தம் போயிடுச்சா மாமா?”

காதுக்காரர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

“இல்லம்மா. என்னென்னவோ பண்ணிப் பார்த்துட்டேன். போக மாட்டேங்குது.”

“உங்களாலயே முடியலையா?”

“என்னால முடியல,” என்று சொல்லி அவர் பானெட்டை மூடினார்.