ஒன்பது வயது ஓட்டுநர்

பேருந்து ஓட்டுநரின் மகளுக்கு வயது ஒன்பது, செல்லங்களே. கணினியோடு பேசிப் பேசி அவள் ஒரு செயலியில் முப்பது கதைகள் எழுதி வைத்திருந்தாள். பெரியவர் ஒருவர் முகம் காட்டி அனுமதி தராவிட்டால் இன்றோடு எல்லாம் அழிந்துவிடும் என்றது அது. அப்பா முகத்தைக் காட்டினார்.

‘வயது ஒன்பது. பெரியவரை அழைத்து வரவும்.’

“என் மீசை கூடவா இதுக்குத் தெரியல?”

மூன்று முறை காட்டியும் அதே ஒன்பதுதான். மகள் சிரித்தபடி எட்டிப் பார்த்தாள்.

‘வயது முப்பத்தெட்டு. இந்தக் குழந்தைக்கு அனுமதி தருகிறீர்களா?’

“வீட்டுப்பாடம் முடிச்சியா கண்ணா?” என்று அப்பாவைக் கேட்டாள்.

“அடிப் போக்கிரி, சீக்கிரம் அமுக்கு.”

அமுக்கினாள். முப்பது கதைகளும் தப்பின.

அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். அப்பா தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். கால்கள் தரைக்கு எட்டவில்லை. அவர் பாட்டுக்குக் கால்களை ஆட்டிக்கொண்டே சாப்பிட்டார்.