கடைசிப் பக்கத்தின் அர்த்தம்

ஆவடி குவார்ட்டர்ஸின் மேற்கு ஜன்னல் வழியே மாலை வெயில் சமையலறைத் தரைவரை நீண்டு கிடக்கிறது. ஷிஃப்ட் முடிந்து வந்த சூசைநாதன் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து மனைவி பிலோமினாவின் பாட நாவலைப் புரட்டுகிறான். கிரீஸ் ஏறிய கட்டைவிரல் தாள்தோறும் மங்கலாகப் பதிகிறது. தபால் வழியில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கும் அவளுக்கு ஹால்டிக்கெட் வந்ததிலிருந்தே அவன் பார்வை சரியில்லை. "கதை இன்னா?" என்கிறான். இவ்வளவு மெதுவாக அவன் எதையும் கேட்டதில்லை. பம்ப் ஸ்டவ்வின் காற்றைக் குறைத்துவிட்டு, அவன் முறுக்கியதில் வீங்கிய மணிக்கட்டை முந்தானையால் மூடிக்கொண்டு அவள் திரும்புகிறாள். "புருஷன் கொடுமை தாங்காம ஒருத்தி ஊட்ட விட்டுப் போறா." "போயி?" அவள் படித்த பழைய ஆங்கில நாவல்களில் அப்படிப் போனவர்கள் ஆற்றிலோ காய்ச்சலிலோ செத்துத்தான் போகிறார்கள். எழுதியவர்கள் ஒருத்தியைக்கூடப் பிழைக்க விட்டதில்லை. இந்த நாவலில் வருபவளும் சாகிறாள். "டீச்சர் வேலை பாத்து நல்லா இருக்கா" என்கிறாள் பிலோமினா. அவன் கடைசிப் பக்கத்தை விரித்து நீட்டுகிறான். "படி. படிச்சு அர்த்தம் சொல்லு." அவள் ஆங்கிலத்தில் வாசிக்கிறாள். அவன் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருக்கிறான். "நில்லு. இப்ப டெட்டுன்னு ஒண்ணு சொன்னியே, செத்துட்டாங்கன்னுதானே அர்த்தம்? யாரு செத்தது?" ஸ்டவ் மெல்ல இரைகிறது. அவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்க்கிறாள். "புருஷன்" என்கிறாள். "அவ புருஷன்தான் செத்துட்டான்."